எந்தத் தண்ணீர்?

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணி ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர். வழியில் அதை மறிக்கும் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அங்கே ஆறு வடகால், தென்கால் என்று இரு கைகளாகப் பிரிகிறது. தென்கால் தண்ணீர் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரைப் பக்கத்து நஞ்சையையும் வாழைத் தோட்டங்களையும் நனைத்துக் கடம்பாகுளத்தை நிரப்புகிறது. அணைக்கட்டுக்குச் சற்று மேலே, வல்லநாட்டில், இதே ஆற்றின் தண்ணீர் குழாயில் ஏறித் தூத்துக்குடி நகரத்துக்குப் போகிறது. அங்கே அது தரைத்தொட்டியிலும் மாடித்தொட்டியிலும் பிளாஸ்டிக் குடத்திலும் காத்து நிற்கிறது. மிச்சமிருப்பது ஆத்தூர் தாண்டிப் புன்னக்காயலில் உப்போடு கலக்கிறது.

நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரே ஆற்றின் தண்ணீர் மூன்று விதமாக நிற்கிறது. மூன்றிலும் வளரும் கொசுக்கள் வேறு வேறு. நடவு முடிந்த வயலில் பெருகும் கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. மூடாத மாடித்தொட்டியில் வளரும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி நகரத்து மலேரியாவைப் பரப்புவது. அதே வீட்டுக் குடத்திலும் உடைந்த டயரிலும் வளரும் ஏடிஸ் எஜிப்டி டெங்குவைக் கொண்டுவருவது. முகத்துவாரத்து உவர்நீரில் வளர்வதற்கென்றே அனாஃபிலஸ் சப்பிக்டஸின் ஒரு வகை இருக்கிறது. ‘கொசுவை ஒழிப்போம்’ என்று சுவரில் எழுதும்போது இத்தனையும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. புகை மருந்து வண்டியும் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரிப் போகிறது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில், எந்த மாதத்தில் என்று முதலில் கேட்டு, அந்தப் பதிலை ஒரு வரைபடமாக மாற்றி, மருந்தையும் ஆளையும் அந்த வரைபடத்தின்படி அனுப்புவதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். இதற்கு வாழிட மாதிரி என்று பெயர்.

ஏன் தண்ணீரைத் தேட வேண்டும், கொசுவையே தேடக் கூடாதா? பறக்கும் கொசு எங்கும் போகும். வயல் கியூலெக்ஸ் சில கிலோமீட்டர் தாண்டியும் போகும். ஆனால் முட்டையிலிருந்து இறக்கை முளைக்கும் வரையிலான ஏழு முதல் பத்து நாள் அது பிறந்த தண்ணீரை விட்டு நகர முடியாது. கொசுவின் வாழ்நாளில் அதன் முகவரி நமக்கு உறுதியாகத் தெரியும் காலம் இது ஒன்றுதான். அந்தத் தண்ணீர் குறைவாகவும், இடம் மாறாததாகவும், கண்டுபிடிக்கக்கூடியதாகவும் இருந்தால் புழுவிலேயே தடுத்துவிடலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வழிதான் பார்க்க வேண்டும். வரைபடம் முதலில் தீர்த்துவைக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இந்தச் சிந்தனை கணினியோடு பிறந்ததல்ல. அதன் ஆரம்பப் பாடங்களில் ஒன்றுக்குத் தமிழர்கள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் மலாயாவின் கிள்ளான் நகருக்கு வந்து சேர்ந்தார். கிள்ளானும் அதன் துறைமுகமும் காய்ச்சலில் முடங்கிக் கிடந்தன. வாட்சன் சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார், புதர்க்காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. கடலோரத்துச் சமவெளித் தோட்டங்களிலும் அப்படியே நடந்தது. காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் மலேரியா போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அதே வேலையை மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களில் செய்தபோது கதை தலைகீழாகிவிட்டது. காட்டை வெட்டிய பிறகுதான் அங்கே காய்ச்சல் ஏறியது. நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்கள் அந்தத் தோட்டங்களின் குடிசை வரிசைகளில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காரணம் கொசுவின் ருசியில் இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய அனாஃபிலஸ் அம்ப்ரோசஸுக்கு நிழல் மூடிய சேற்று நீர் வேண்டும். காட்டை வெட்டியதும் அது போய்விட்டது. மலையில் இருந்த அனாஃபிலஸ் மாக்குலேட்டஸுக்கோ வெயில் படும் தெளிந்த நீரோடை வேண்டும். காடு மூடியிருந்தவரை அதற்கு இடமில்லை; கோடரிதான் அதற்கு வீடு கட்டிக்கொடுத்தது. வாட்சன் தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, எந்தத் தோட்டம், எந்த மண், எந்த ஓடை என்று ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வந்தார். பிறகு மலை ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார்கள், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தார்கள்.

குழந்தையின் மண்ணீரல், அந்தக் குடிசைக்குப் பக்கத்து நிலத்தின் தன்மை என்ற இரண்டையும் சேர்த்து வைத்து எழுதிய அந்தக் கணக்கேட்டைப் பழைய கால வாழிட மாதிரி என்றே நான் சொல்வேன். இன்றைய கணினி செய்வதும் அடிப்படையில் அதுதான்.

அதை ஆழ்வார்திருநகரியை வைத்தே பார்ப்போம். அணைக்கட்டிலிருந்து கடல் வரையிலான நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில விவரங்களை எழுதுகிறோம்: கடல்மட்டத்திலிருந்து உயரம், வாய்க்காலுக்கு எவ்வளவு தூரம், மண் நீரைப் பிடிக்குமா விடுமா, ஆண்டில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, பயிரின் பசுமை எந்த மாதம் ஏறி எந்த மாதம் இறங்குகிறது, நீரின் உப்பு, வீடுகளின் நெருக்கம், மாடுகளின் எண்ணிக்கை. இதில் பலவற்றை வானத்திலிருந்தே எடுத்துவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. அதில் பத்து மீட்டர் அகலமுள்ள துண்டுகூடத் தனியாகத் தெரியும். நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொள்ளும்போது இந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது சென்டினல்-1 கைகொடுக்கும். அதன் ரேடார் அலை மேகத்தைத் துளைத்து வந்து நிற்கும் நீரைக் காட்டிவிடும். பிசானப் பருவ நெல் நடவுக்கு எந்த மடையில் எந்த வாரம் தண்ணீர் பாய்ந்தது என்பதை அதில் படிக்கலாம்.

அடுத்து வேண்டியது மனிதர் கால் நடந்து சேர்த்த விவரம். நீண்ட பிடி வைத்த வெள்ளை அகப்பையோடு ஒருவர் வரப்பில் நடந்து, தண்ணீரை மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா, எந்த இனம், எத்தனை என்று எழுதிய புள்ளிகள். புழு கிடைத்த கட்டங்களுக்குப் பொதுவாக என்னென்ன இருக்கின்றன, மற்றக் கட்டங்களிலிருந்து அவை எப்படி வேறுபடுகின்றன என்று கணினி கற்றுக்கொள்கிறது. ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷாப்பிரே ஆகியோர் 2006இல் வெளியிட்ட மேக்ஸென்ட் என்ற முறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. உயிரினம் இருந்த இடம் மட்டும் தெரிந்து, இல்லாத இடம் தெரியாதபோதும் அது வேலை செய்யும் என்பதுதான் அதன் கவர்ச்சி. முடிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும்.

இந்த எண்ணைத் தவறாகப் படிப்பவர்கள்தான் அதிகம். 0.8 என்பது அங்கே கொசு இருக்கிறது என்று சொல்வதில்லை. நோய் வரும் என்றும் சொல்வதில்லை. இந்தக் கொசு இதுவரை கண்ட இடங்களைப் போலவே இந்த இடமும் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பொருத்தமான இடத்தில் கொசு இல்லாமலும் இருக்கலாம். கொசு இருந்தும் கிருமி இல்லாமல் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேண்டுமானால் வயலும் கொசுவும் மட்டும் போதாது. அந்த வைரஸ் கொக்கு, நாரை இனப் பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. மாட்டைக் கொசு விரும்பிக் கடித்தாலும் மாட்டின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் நம் வேலூர்ப் பகுதியில்தான். தாமிரபரணிக் குளங்களில் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கையும், பன்றி வளர்க்கும் இடங்களையும், வயல் வரைபடத்தோடு சேர்த்து வைத்தால்தான் எந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று தெரியும். இதைப் படித்துவிட்டு யாரும் கொக்குகளின் மேல் கோபப்பட வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளாக அவை குளத்தோடு இருக்கின்றன. தடுப்பூசிதான் நமக்குப் புதிதாகக் கிடைத்தது.

தமிழகத்தில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியது புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். யானைக்கால் நோய்க்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் மிகவும் நடைமுறையானது. ஒவ்வோர் ஊராக இரவில் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தால் எந்த ஊரில் நோய் இருக்கிறதென்று தெரியும். அதற்கு ஆளும் பணமும் காலமும் யாரிடம் இருக்கின்றன? எனவே சபேசன், ராஜு, ஸ்ரீவித்யா, தாஸ் ஆகிய ஆய்வாளர்கள் உயரம், வெப்பம், மழை, காற்றின் ஈரப்பதம், மண்வகை ஆகியவற்றைச் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு நோய்ப்பரவல் அபாயக் குறியீடு ஒன்றை வகுத்து வரைபடமாக்கி 2006இல் வெளியிட்டார்கள். அபாயம் இல்லாத இடத்தில் ஊசி குத்திக்கொண்டிராமல், அபாயம் உள்ள இடத்தில் தேட வழி பிறந்தது. எங்கே போக வேண்டாம் என்று துணிந்து சொல்லக்கூடிய வரைபடம்தான் நல்ல வரைபடம். அதிகாரிகளுக்கு அது எளிதான பேச்சல்ல. ஆனால் பணியாளர் குறைவான ஒரு மாவட்டத்தில் அதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை.

வரைபடம் ஏமாற்றும் விதங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, நம் கால் போன பாதை. புழு தேடும் பணியாளர் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறார். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையின் இரு பக்கத்திலுமே புள்ளிகள் குவியும். கணினிக்கு இது தெரியாது. கொசுவுக்குத் தார்ச்சாலை பிடிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு சாலையோரம் முழுவதும் சிவப்பாகவும், கடைமடைக் கிராமங்கள் எல்லாம் வெளிறியும் தெரியும். சாலை எட்டாத ஊர்தான் மருத்துவமும் எட்டாத ஊர் என்பதால் இந்தத் தவறு வெறும் கணக்குத் தவறோடு முடிவதில்லை. ஒப்பிடுவதற்கு எடுக்கும் மற்றக் கட்டங்களையும் அதே சாலையோரத்திலிருந்தே எடுத்தால் இந்தச் சாய்வு பெரும்பாலும் குறையும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒரு மாதிரி சரியா என்று பார்க்க, சில புள்ளிகளை அதனிடமிருந்து மறைத்து வைத்து, அவற்றைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள். ஆழ்வார்திருநகரி நஞ்சையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் தேரிக்காடு. செம்மணல் குன்றுகள், பெய்த மழையை மணல் உடனே குடித்துவிடும், பனையும் முந்திரியும் தவிர அதிகம் நிற்காது. நஞ்சையையும் தேரியையும் சேர்த்து ஒரு மாதிரி செய்து சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். வயலில் கொசு இருக்கும், தேரியில் இருக்காது என்று சொல்லக் கணினி எதற்கு? அங்கே ஆடு மேய்க்கிற சிறுவன் சொல்லிவிடுவானே. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வயல்களில் எதில் புழு மண்டும், எதில் மண்டாது என்று பிரித்துச் சொல்வதுதான் சோதனை. அந்த மதிப்பெண் எப்போதும் குறைவாகத்தான் வரும். உயர்ந்த மதிப்பெண்ணோடு வரும் வரைபடத்தைக் கண்டால், எதையும் எதையும் பிரித்தார்கள் என்று கேட்டுப் பழகுங்கள்.

மூன்றாவது ஏமாற்று, மழை பெய்தால் கொசு பெருகும் என்ற நம் நம்பிக்கை. இலங்கையில் 1934-35இல் நடந்தது அதற்கு நேர்மாறு. வழக்கமாக மழை கொட்டும் தென்மேற்கு ஈர மண்டலத்தில் பருவமழை பொய்த்தது. நிற்காமல் ஓடிய ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸுக்கு வேண்டியது இதுதான்: வெயில் படும், தெளிந்த, ஓடாத நீர். மலேரியாவே அதிகம் அறியாத, எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் நடுவில் அது வெடித்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழையை மட்டும் வைத்துக் கணித்த எந்த மாதிரியும் அந்த ஆண்டைப் பாதுகாப்பான ஆண்டு என்றே சொல்லியிருக்கும்.

தாமிரபரணிக்கும் இது பொருந்தும். ஓடும் ஆற்றில் இந்தக் கொசு வளராது. ஆற்றின் மணலைத் தோண்டினால் வளரும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. அந்த வழக்கு ஆற்றுக்காகவும் குடிநீருக்காகவும் நடந்தது. கொசு நூல் எழுதும் எனக்கு அதில் இன்னொரு நியாயமும் தெரிகிறது: வேனிலில் ஆற்றுக்குள் தோண்டிய ஒவ்வொரு பள்ளமும் ஊற்றுநீர் தேங்கும் ஒரு தொட்டி. இராமேசுவரம் தீவில் இது வேறு உருவத்தில் நடந்தது. அங்கே சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டிய ஊற்றுக்குழிகளில் குலிசிஃபேசிஸ் வளர்ந்ததை 1980களில் புதுச்சேரி மைய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தீவின் மலேரியாவுக்கு வேர், பிழைப்புக்காக வைத்த தோப்பில் இருந்தது. இப்படிப்பட்ட குழிகள் பத்து மீட்டர் துல்லியமுள்ள செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. ஆனால் சவுக்குத் தோப்பு தெரியும். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தெரியாததை ஊகிப்பதுதான் இந்தக் கலை.

நகரத்துக்கு வந்தால் அந்தக் கலைக்குக் கடினமான சோதனை. தூத்துக்குடியின் மாடிகளில் வரிசையாக நிற்கும் சின்டெக்ஸ் தொட்டிகளை வானத்திலிருந்து எண்ணிவிடலாம். எதன் மூடி உடைந்திருக்கிறது என்று தெரியாது. ஸ்டீஃபன்சிக்கு அந்த உடைந்த மூடிதான் வாசல். எனவே மாதிரிக்கு வேறு விவரம் கொடுக்க வேண்டும்: குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்தத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்த வார்டில் பழைய கிணறுகள் இன்னும் மூடாமல் கிடக்கின்றன. இவை மழையையும் வெப்பத்தையும் போல இயற்கை கொடுத்தவையல்ல. குழாய்த் தண்ணீர் நாள் தவறாமல் வரும் தெருவில் சேமித்து வைக்கும் தேவையே குறைவு. நகரத்து மலேரியா, டெங்கு வரைபடத்தின் கீழே இருப்பது குடிநீர் விநியோக வரைபடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2012இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது மிகவும் அடிபட்டது திருநெல்வேலி மாவட்டம், அதிலும் கடையநல்லூர். அப்போது வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தவர்களின் வேலையை எந்தச் செயற்கைக்கோளும் செய்துவிட முடியாது. எந்த வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று மட்டும் அது சொல்லும்.

ஸ்டீஃபன்சி நம் ஊர்க் கொசு. 1901இல் இந்தியாவிலிருந்தே அறிவியலுக்கு அறிமுகமானது. அது இப்போது பயணம் கிளம்பியிருக்கிறது. 2012இல் ஆப்பிரிக்காவின் கொம்பு முனையில் உள்ள ஜிபூட்டித் துறைமுகத்தில் தென்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் பதிவான மலேரியா 27 பேருக்கு. 2020இல் 73,000க்கும் மேல். அத்தனைக்கும் இந்தக் கொசு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் ஆப்பிரிக்கா அதிர்ந்தது. கிராமத்து நோயாக இருந்த மலேரியா நகரத்துக்குள் வருகிறது என்று அதற்குப் பொருள். ஆக்ஸ்ஃபோர்டின் மரியன் சிங்காவும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, அரேபியா, ஆப்பிரிக்காவில் இந்தக் கொசு கிடைத்த இடங்களை வைத்து மாதிரி ஒன்றைச் செய்து 2020இல் வெளியிட்டார்கள். அது பரவினால் ஆப்பிரிக்க நகரங்களில் 12.6 கோடி பேர் அபாயத்துக்குள் வருவார்கள் என்றது அந்தக் கணிப்பு. இன்னும் போய்ச் சேராத கொசுவை எங்கே காத்திருந்து பிடிக்கலாம் என்று சொன்ன வரைபடம் அது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஆப்பிரிக்காவில் இந்தக் கொசுவைத் தடுப்பதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது.

ஆப்பிரிக்காவைவிட நமக்கு அருகில் நடந்தது மன்னாரில். தூத்துக்குடிக்காரர்கள் மீன்பிடிக்கும் அதே வளைகுடாவின் மறுகரை. மலேரியா ஒழிந்த நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மன்னார்த் தீவின் பேசாலைக் கிணறுகளில் ஸ்டீஃபன்சி புழு கிடைத்தது. தமிழகக் கரையிலிருந்து படகு வழியாக வந்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். 1963இல் வெறும் 17 நோயாளிகள் வரை இறங்கிவிட்டு, 1968-69இல் ஐந்து லட்சத்தைத் தொட்ட நாடு அது. அந்த நினைவு அவர்களைத் தூங்கவிடவில்லை. கிணறுகளைக் கணக்கெடுத்தார்கள், பயன்படாத கிணறுகளை மூடினார்கள், பயன்படும் கிணறுகளில் மீன் விட்டார்கள், மருந்து இட்டார்கள். கிணறு எண்ணக்கூடியது, நகராதது, தேடினால் கிடைப்பது. புழுவைத் தடுக்க இதைவிட நல்ல களம் அமையாது. ஆனாலும் கொசு அடுத்துத் தென்பட்டது யாழ்ப்பாணத்தில்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது; மாதிரி செய்பவர்கள் அனைவரும் அதைக் கவனிக்க வேண்டும். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரன் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நன்னீரில் மட்டுமே வளரும் என்று நாம் படித்த ஏடிஸ் கொசுவின் புழுக்களை உவர்நீரில் கண்டார்கள். கைவிட்ட படகுகளிலும் பயன்படாத கிணறுகளிலும், லிட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரில், அதாவது கடல்நீரின் பாதிக்குச் சற்றுக் குறைந்த உப்பில், அவை வளர்ந்தன. உப்பு அதிகமென்றால் கொசு இல்லை என்று பழைய புள்ளிகளிலிருந்து கற்ற மாதிரி, கடற்கரை முழுவதையும் வெளிறிய நிறத்தில் வரைந்து விட்டிருக்கும். மருந்து போடுபவர்களும் அங்கே போயிருக்க மாட்டார்கள். யாரும் தேடாத இடத்தில் கொசு மெல்லப் பழகிக்கொண்டிருந்தது.

வரைபடத்தை வைத்து என்ன செய்வது என்பதில் வயலும் நகரமும் வேறுபடும். வயலில் தண்ணீர் எங்கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் மருந்து ஊற்றுவது நடக்காது, ஊற்றவும் கூடாது. அங்கே வரைபடம் நாளைச் சொல்ல வேண்டும். நடவு முடிந்து பயிர் இன்னும் நீரை மூடாத வாரங்களில்தான் கியூலெக்ஸ் அதிகம். மதுரையில் இருந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் மையத்தில், ரேச்சல் ரூபனும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் நெல் வயலில் நீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுப் பார்த்தார்கள். யூரியாவில் வேப்பம் புண்ணாக்கைப் பூசி இட்டும் பார்த்தார்கள். புழுக்கள் குறைந்தன. உழவருக்கு நட்டமில்லாத முறை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. தடை ஒன்றுதான்: ஒருவர் வயலைக் காயவிட்டு, பக்கத்து வயலில் நீர் நின்றால் பயனில்லை. ஒரு மடையில் பாயும் அத்தனை பேரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். எனவே வரைபடத்தின் கட்டங்களைப் பத்து மீட்டர் சதுரங்களாக விடாமல், மடை வாரியாகச் சேர்த்து விவசாயிகள் சங்கத்திடம் கொடுப்பதே சரி.

வெள்ளத்துக்குப் பிறகும் வரைபடம் நாளைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தண்ணீரில் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படிப்பட்ட வெள்ளம் முதலில் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். ஆபத்து வெள்ளம் வடிந்த பிறகு தொடங்குகிறது: உடைந்த கரையோரக் குட்டைகள், மணல் மூடிய வாழைத் தோட்டப் பள்ளங்கள், வீட்டைச் சுற்றிச் சிதறிய பாத்திரம், டயர், தொட்டி. கொசுவுக்கு ஏழு முதல் பத்து நாள் வேண்டும் என்று முன்பே பார்த்தோம். வெள்ளத்துக்கு முந்தைய ரேடார் படத்தையும் பிந்தைய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், பத்தாம் நாளிலும் வடியாமல் நிற்கும் புதுத் தண்ணீர் மட்டும் தனியே தெரிந்துவிடும். அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தோடு போகிறவர் கையில் அந்தப் பட்டியல் இருந்தால், ஊர் முழுக்கப் புகை அடிக்கும் செலவில் ஒரு பகுதி போதும். ஆண்டு முழுவதற்குமான சராசரியைக் காட்டும் வரைபடம் இதற்கு உதவாது.

இவை எல்லாவற்றுக்கும் தீனி போடுவது பணியாளரின் குறிப்பேடு. அதில் புழு கிடைத்த இடத்தை எழுதுவது வழக்கம். மொண்டு பார்த்தேன், ஒன்றும் இல்லை என்பதையும் தேதியோடும் இடத்தோடும் எழுதினால் மாதிரிக்கு அது இரட்டிப்புப் பயன். தேடாமல் விட்ட இடத்தையும் தேடியும் கிடைக்காத இடத்தையும் கணினிக்குப் பிரித்துச் சொல்ல வேறு வழியில்லை. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் வேலை செய்த நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மேலதிகாரி இருந்தால்தான் அந்த வரி எழுதப்படும்.

நல்ல மாதிரி இரண்டு வரைபடங்கள் தரும். ஒன்று பொருத்தத்தைக் காட்டும். இன்னொன்று தனக்கு எங்கே நிச்சயமில்லை என்பதைக் காட்டும். அடுத்த மாதம் அகப்பையோடு எங்கே போக வேண்டும் என்று சொல்வது இரண்டாவதுதான். நம் பகுதியில் அந்த நிச்சயமின்மை எங்கே குவியும் என்று ஊகிப்பது கடினமல்ல: ஆத்தூரிலிருந்து புன்னக்காயல், பழையகாயல் வரையிலான பட்டை. முத்துக்குளித்த காலத்தில் போர்ச்சுகீசியர் தங்கிய அந்தக் கரையில் இன்று வாழைத் தோட்டமும் உப்பளமும் அலையாத்திச் செடிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. உப்பளத்தின் முற்றிய நீரில் எந்தப் புழுவும் பிழைக்காது. ஆனால் மழைக்குப் பிறகு அதே பாத்தியில் உப்பு நீர்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் குறையும் மாதங்களில் உப்பு மேலேறி வரும், கார்த்திகையில் இறங்கும். அங்கே மாதம் ஒருமுறை அகப்பையோடு உப்பு அளக்கும் கருவியையும் எடுத்துப் போய், கிணறு, கைவிட்ட படகு, பாத்தி, வாய்க்கால் முனை என்று ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களை எழுத வேண்டும்: எத்தனை புழு, எவ்வளவு உப்பு. ஓராண்டு முழுக்க, ஒரு மாதமும் விடாமல்.